லேபிள் அக்காவின் சொந்தபந்தங்கள்

லேபிள் அக்காவுக்கு நாற்பத்தாறாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, நாற்பத்தொரு நத்தைகள் சொந்தக்காரர்கள் ஆயின. அன்றைக்கு வெயில் சுமார்தான். ஆராய்ச்சிக் கூடத்து லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. இரண்டாவது மாடியில் டீ வைத்து ஆறிப்போயிருந்தது. மற்றபடி அந்த நாளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் கூடத்தில் என்ன வேலை நடந்தது என்றால், உயிரோடு இருக்கிற எல்லாவற்றிலும் ஒரு துளி வாங்கி வைப்பது. வண்டின் கால், இலையின் ஓரம், மீனின் செதில், ஒரு சிட்டிகை பாசி, வௌவால் இறக்கையில் ஊசிமுனை அளவு தோல் என்று நாற்பதாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு குப்பிகள் குளிர்பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மரபணுவையும் இயந்திரத்தில் கொடுத்துப் படித்து, யாருக்கு யார் கிட்டத்துச் சொந்தம், யார் தூரத்துச் சொந்தம் என்று பெரிய வம்ச மரமாக வரைவார்கள். எல்லாக் குடும்பத்திலும் வேலைவெட்டி இல்லாத இரண்டு பேர் சும்மா உட்கார்ந்து செய்கிற காரியத்தை, இங்கே நாற்பது பேர் முழுநேரமாகச் செய்தார்கள். கொஞ்சம் பெருமையாகவும் செய்தார்கள்.

குப்பிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டுவது அக்காவின் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த டைரக்டர்கூட "லேபிள் அக்கா" என்றுதான் கூப்பிடுவார். இத்தனை ஜீவன்களுக்கும் குடும்பப் பெயர், குலப் பெயர் எல்லாம் எழுதி ஒட்டியவளுக்குத் தனக்கென்று ஓர் ஈ காக்காய் கிடையாது. பிறந்த மூன்றாம் நாள் ஒரு விடுதி, எட்டு வயதில் வேறு விடுதி, அங்கிருந்து நேராக இந்த வேலை. ஒருமுறை கல்யாணப் பேச்சு வந்தது. பையன் நல்ல மாதிரி, பல் டாக்டரிடம் உதவியாளர். எல்லாம் கூடி வந்த நேரத்தில் அவன் வீட்டில் ஒருவர், "பொண்ணு பக்கம் எத்தனை பேர் வருவாங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். அக்கா உண்மையைச் சொன்னாள். அதோடு பேச்சு நின்றுபோனது.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆபீஸ் கிளார்க் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுப்பார். அதில் பதினோராவது வரி: நெருங்கிய உறவினர், அவசரம் என்றால் தெரிவிக்க வேண்டியவர். அக்கா அந்த இடத்தில் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டுக் கொடுப்பாள். கிளார்க் நல்ல மனுஷர்தான், ஆனால் சட்டம் பேசுகிறவர்.

"கோடு போட்டா ஃபைலை மூட முடியாதுக்கா. யார் பேரையாச்சும் எழுதுங்க."

"யார் பேரை எழுத? உங்க பேரை எழுதிடவா?"

"அய்யோ, நான் என்ன உங்களுக்குச் சொந்தமா?" என்று பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிடுவார். இப்படியே இருபத்திரண்டு ஜனவரி போனது. பீரோவில் அவளுடைய ஃபைல் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதற்குள் தூசி விழுந்து, தூசி அடை தட்டி, ஒரு சிலந்தி வேறு குடிவந்துவிட்டது.

தவறு எங்கே நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். லேபிள்கள் எல்லாம் பின்பக்கம் பசை தடவிய பழைய காலத்துக் காகிதம். ஈரப் பஞ்சில் தொட்டு ஒட்ட வேண்டும் என்பது விதி, பஞ்சும் கொடுத்திருந்தார்கள். அந்தப் பஞ்சு முதல் வருடமே காய்ந்து கல்லாகி, மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டது. அக்கா நாக்கால் நக்கித்தான் ஒட்டினாள். நக்கி ஒட்டினால் உரியாது, சந்தேகமிருந்தால் நீங்களே செய்து பாருங்கள். மூடிக்கும் குப்பிக்கும் சேர்த்துக் குறுக்காக ஒட்டுவாள். மூடியைத் திறக்கும்போது காய்ந்த பசை ஒரு தூள், ஒரே ஒரு தூள், உள்ளே விழும். அதை யாரும் கண்டதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு லேபிளைக்கூட மாற்றி ஒட்டாதவள் என்று பெயர் வாங்கியவளை யார் போய்ச் சந்தேகப்படுவார்கள்?

அந்தச் செவ்வாய்க்கிழமை, மதில் சுவர் நத்தைகளின் மரம் அச்சாகி வந்தது. அதை எடுத்துப் பார்த்தவர் மரம் போடுகிறவர். அவர் கம்ப்யூட்டர் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஐம்பத்தெட்டு வயதுக்காரர். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி வைத்திருப்பார், எதில் எதைப் பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது. நாற்பத்தொரு நத்தைகளுக்கு நடுவில் நாற்பத்திரண்டாவதாக ஒரு கிளை பிரிந்து, அதன் நுனியில் "லேபிள் அக்கா" என்று அச்சடித்திருந்தது. இயந்திரத்துக்கு அந்தப் பெயர் எப்படித் தெரிந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை, பிறகு கேட்க நேரமில்லை. மரம் போடுகிறவர் இரண்டு கண்ணாடியாலும் பார்த்துவிட்டு, ஒரு குண்டூசி எடுத்து, தாளை அறிவிப்புப் பலகையில் குத்தினார். மணி பத்தே முக்கால்.

"அக்கா, உங்க ஆளுங்க கிடைச்சிட்டாங்க," என்று படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு திரும்பி வந்து, தாளின் எதிரில் நின்று, தன் பெயரிலிருந்து கிளம்பும் கோடு எங்கே போய் யாரோடு சேருகிறது என்று விரலால் மூன்று தடவை தொட்டுப் பார்த்தாள்.

கூடத்து மதிலுக்கும் அவள் வீட்டுக்கும் இருநூறு அடி தூரம். செவ்வாய்க்கிழமை கிளம்பிய நத்தைகள் வியாழக்கிழமை மாலை வந்து சேர்ந்தன. வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கப் போனவள், வாசற்படியில் வரிசையாக நாற்பத்தொரு பேரைப் பார்த்தாள். கொம்பை நீட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. "வாங்க, வாங்க," என்றாள். வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியாது; மற்றவர்கள் வீட்டில் இப்படித்தான் சொல்லக் கேட்டிருக்கிறாள். வாசற்படி தாண்டி உள்ளே வர அவற்றுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவளும் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

முதல் குழப்பம் முறை சொல்லிக் கூப்பிடுவதில் வந்தது. நத்தைகளில் ஆண், பெண் என்று தனித்தனியாகக் கிடையாது, ஒவ்வொன்றும் இரண்டும்தான். மரத்தின்படி பெரிய பழுப்பு நத்தை அவளுக்கு அத்தை. அதே கணக்கில் அதுவே மாமாவும். சித்தியாக வந்தவரே சித்தப்பா. டீ அறையில் இதை வைத்து ஒரு வாரம் விவாதம் ஓடியது. "அத்தைமாமான்னு சேர்த்தே கூப்பிடுங்க, ரெண்டு பேருக்கும் மரியாதை குறையாது," என்று மரம் போடுகிறவர் தீர்ப்புச் சொன்னார். அப்படியே ஆயிற்று. வாழ்நாளில் முதல்முறையாக அக்கா சில ஜீவன்களுக்கு லேபிள் ஒட்டாமல் இருந்தாள். பார்த்தே அடையாளம் தெரிந்தது.

சொந்தக்காரர்கள் செய்கிற எல்லா அழும்பையும் அவை செய்தன. முட்டைகோஸ் உள்ளிலையைத்தான் தின்னும், வெளியிலையை ஒதுக்கிவிடும். சுண்ணாம்புக்காகச் சுவரைச் சுரண்டித் தின்றன. வீட்டுக்காரர் ஒட்டிவைத்த "சுவரில் ஆணி அடிக்கக் கூடாது" நோட்டீஸை ஆணியில்லாமலே தீர்த்துவிட்டன. ஒரு நாள் அவசரத்தில் சின்னவருக்கு முதலில் வெள்ளரிக்காய் வைத்துவிட்டாள் என்று பழுப்பு அத்தைமாமா ஓட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அக்காவுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தபோதுதான் வெளியே வந்தது. வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், அவள் நெற்றியில் ஏறிச் சில்லென்று படுத்துக்கொண்டது. மற்றவை கன்னத்திலும் உள்ளங்காலிலும் ஒட்டிக்கொண்டன. காய்ச்சல் தொண்ணூற்றொன்பதுக்கு இறங்கியது.

ஆனால் அக்காவுக்கு எது பெரிய சந்தோஷம் தெரியுமா? குறை சொல்வதுதான். இருபத்திரண்டு வருடமாக டீ அறையில் மற்றவர்கள் மச்சினனைப் பற்றியும் நாத்தனாரைப் பற்றியும் புலம்பும்போது, டம்ளரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தவள் அவள். இப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வந்து உட்காருவாள். "எங்க ஆளுங்க இருக்காங்களே, அப்பப்பா!" என்று ஆரம்பிப்பாள். "வந்தா வந்த இடம், போனா போன இடம்! குளியலறையில கால் வைக்க இடமில்ல. ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், மூஞ்சியைத் தூக்கி உள்ள வெச்சுக்கிறாங்க." முகமெல்லாம் பூரித்துப் போயிருக்கும். எல்லோரும் "உச்" கொட்டினார்கள். அந்த "உச்" அவளுக்கு அமுதமாக இருந்தது.

இப்படி ஏழு மாதம் போனது. அப்புறம் டைரக்டர் கைக்கு ஒரு கடிதம் வந்தது. வெளியிலிருந்து மூன்று நிபுணர்கள் வந்து வம்ச மரத்தைக் கிளை கிளையாகச் சோதிக்கப் போகிறார்கள். ஒரு கிளை பிசகியிருந்தாலும் இத்தனை வருட வேலையும் செல்லாது. டைரக்டர் அன்றுதான் முதல்முறையாக நத்தை மரத்தை உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்க நத்தை இல்ல."

"தெரியும் சார்."

"இது கலப்படம். எங்கேயோ உங்க எச்சில் விழுந்திருக்கு. சுத்தச் சான்றுல கையெழுத்துப் போடுற ஆள் நீங்க. தப்புன்னு நீங்க எழுதிக் கொடுத்தாத்தான் அந்தக் கிளையை வெட்ட முடியும்."

"வெட்டினா அவங்க போயிடுவாங்களா சார்?"

டைரக்டருக்கு வீட்டில் மனைவி, மூன்று பிள்ளைகள், எதிர்த்த தெருவில் இரண்டு மச்சினர்கள். அவர் ஜன்னலைப் பார்த்தார். "போயிடுவாங்கன்னுதான் நினைக்கிறேன்," என்றார் மெதுவாக. "உங்களுக்கு இஷ்டமில்லன்னா சொல்லுங்க. கட்டாயப்படுத்த மாட்டேன்."

அக்கா குளிர்பெட்டி அறைக்குள் போய் அழுதாள். அங்கே போகிற எல்லோருக்கும் மூக்கு ஒழுகும் என்பதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சுற்றிலும் அவள் கையெழுத்து, நாற்பதாயிரம் லேபிள்களில். ஒன்றுகூடப் பொய் இல்லை. இந்த ஒன்றை மட்டும் பொய்யென்று தெரிந்தே விட்டுவிட்டால், நாளைக்கு அந்தக் கையெழுத்தை எந்த முகத்தோடு பார்ப்பது? சொந்தம் வேண்டும்தான். உயிரே போகிற மாதிரி வேண்டும். ஆனால் தப்பான லேபிள் ஒட்டி வாங்கிய சொந்தத்தை எத்தனை நாள் வீட்டில் வைத்திருக்க முடியும்? மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கையெழுத்துப் போட்டாள்.

நத்தைகள் மறுநாள் கிளம்பின. வாசலில் நின்று விடைபெறவே இரண்டு நாள் ஆனது. சொந்தக்காரர்கள் கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்று பேசுவார்களே, அதே கதைதான். பழுப்பு அத்தைமாமா எதையோ மறந்த மாதிரி மூன்று முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை அக்காவின் கட்டைவிரலைக் கொம்பால் தொட்டுவிட்டுப் போனது. அப்புறம் வீடு சுத்தமாக இருந்தது. குளியலறையில் தாராளமாகக் கால் வைக்கலாம். அக்கா முட்டைகோஸ் வாங்கப் போய், வெறும் கையோடு திரும்பி வந்தாள். டீ அறையில் பழையபடி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குக் கேட்கும்படி யாரும் மச்சினனைப் பற்றிப் பேசவில்லை, அது இன்னும் கொடுமையாக இருந்தது.

இப்போது வேலை மரம் போடுகிறவருடையது. ஒருத்தியைக் கழிக்க வேண்டுமானால் அவள் யாரென்று இயந்திரத்துக்குத் தெரிய வேண்டும். அக்காவின் கன்னத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து உள்ளே கொடுத்து, "இந்தம்மா எங்கெங்கே இருக்காங்களோ அங்கெல்லாம் எடுத்துடு" என்று கட்டளை போட்டார். ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம். இயந்திரம் பத்தொன்பது நாள் ஓடியது. ஏனென்றால் அவள் நத்தைக் குப்பிகளில் மட்டும் இல்லை. தவளையில் இருந்தாள், பெரணியில் இருந்தாள், திமிங்கலத்தில் இருந்தாள். நாற்பதாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டிலும் ஒரு தூள் லேபிள் அக்கா.

அந்தக் கூடத்தில் பழைய விதி ஒன்று உண்டு: படித்த எதையும் தூக்கி எறியக் கூடாது. அதனால் எல்லாக் குப்பியிலிருந்தும் கழித்த அக்காவைக் கூட்டிச் சேர்த்து, நாற்பதாயிரத்து இருநூற்றுப் பதிமூன்று என்று எண் போட்டு ஒரு புதுக் குப்பி வைத்தார்கள். அதற்கு லேபிள் எழுதியதும் அவள்தான். எழுதினாள், நக்கினாள், ஒட்டினாள். கல்லாய்ப்போன பஞ்சை டைரக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

மரம் புதிதாக அச்சாகி வந்தது. கூடத்தின் தரை போதாமல் படிக்கட்டு வழியாக இறக்கி வாசல்வரை விரித்தார்கள். அக்கா இந்த முறை தன் சரியான இடத்தில், மனிதக் கிளையில் இருந்தாள். ஆரம்ப காலத்தில் மனிதக் கிளைக்கு வேறு ஆள் கிடைக்காமல், கூடத்தில் இருந்தவர்களே கன்னத்தைத் தடவிக் கொடுத்திருந்தார்கள். அதனால் அக்காவுக்கு அடுத்த கிளையில் டைரக்டர் இருந்தார். அதற்கடுத்து மரம் போடுகிறவர். மூன்றாவது ஆபீஸ் கிளார்க். அப்புறம் குரங்கு, வௌவால், பசு, காக்காய், பல்லி, தவளை, மீன் என்று விலகி விலகிப் போய், ஈ, நத்தை, காளான், புளியமரம், கடைசியில் பாசி. ஆனால் எந்தக் கோட்டில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனாலும் எங்காவது ஒரு இடத்தில் அக்காவிடம் வந்து சேர்ந்தது. மூன்று நிபுணர்களும் முழங்காலில் தவழ்ந்து பூதக்கண்ணாடி வைத்து நான்கு நாள் பார்த்தார்கள். "எல்லாரும் அவங்கவங்க இடத்துல இருக்காங்க. ஒரு தப்பும் இல்ல," என்று எழுதிக் கொடுத்துவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முதலில் வந்தது டைரக்டர். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம், முகத்தில் எதற்கு வந்தோம் என்று தெரியாத ஒரு முழி. நாற்காலியில் உட்கார்ந்ததும், "என்ன வீடு இது, காத்தே வரலயே," என்று குறை சொன்னார். அக்காவுக்கு வயிறு குளிர்ந்தது. பிறகு மற்றவர்கள் முறைப்படி வரத் தொடங்கினார்கள், கிட்டத்துச் சொந்தம் முன்னே, தூரத்துச் சொந்தம் பின்னே. குரங்குகள் வந்து போனதைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. வௌவால்கள் திரைச்சீலைக் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக் குசலம் விசாரித்தன. பசு மாடிப்படி ஏறி வந்து, இறங்கத் தெரியாமல் இரண்டு நாள் தங்கியது. காக்காய்கள் வந்தன, ஈக்கள் குடும்பத்தோடு வந்தன. வாசற்கதவில் ஒரே காலையில் காளான்கள் முளைத்து நின்றன; அழைக்காமல் உள்ளே வர அவற்றுக்குக் கூச்சம். பாசி மதிலோடு நின்றுகொண்டது, அவ்வளவு தூரத்துச் சொந்தம் அங்கே நிற்பதுதான் முறை.

எல்லோருக்கும் கடைசியாக, பதினோரு வாரம் கழித்து, நத்தைகள் வந்து சேர்ந்தன. இருநூறு அடிதான், ஆனால் இப்போது அவை தூரத்துச் சொந்தம், அதற்கேற்ற தூரத்தை நடந்துதானே வர வேண்டும். மரத்தில் தங்களைக் கடைசிப் பக்கம் தள்ளிவிட்டார்கள் என்பதைப் பொருட்படுத்தாமல் நேரே குளியலறைக்குப் போய்ப் பழைய இடத்தைப் பிடித்தன. பழுப்பு அத்தைமாமா அக்காவின் கட்டைவிரலில் ஏறி உட்கார்ந்து, அன்று முழுக்க இறங்கவில்லை. அக்காவும் அன்று வேலைக்குப் போகவில்லை. லீவுக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் "சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள்" என்று எழுதி அனுப்பினாள்.

ஜனவரியில் படிவம் வந்தது. பதினோராவது வரியில் அக்கா ஸ்கேலை எடுக்கவில்லை. கூடுதல் தாள் கேட்டாள். பிறகு இன்னும் கேட்டாள். நான்கு நாள் உட்கார்ந்து, தன் அழகான கையெழுத்தில், ஆயிரத்து முந்நூற்று நாற்பது பக்கம் எழுதிக் கட்டிக் கொண்டுபோய் வைத்தாள். கிளார்க் விதிப்படி முதல் பக்கத்திலிருந்து சரிபார்க்க ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் அவர் விரல் நின்றது. அது அவருடைய பெயர்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மரம் போடுறவரு ரெண்டாவதா?" என்றார். "நான் மூணாவதா?"

"இயந்திரம் அப்படித்தான் சொல்லுது. நான் என்ன பண்ண?"

"வருஷா வருஷம் உங்க ஃபைலைப் பார்த்துப் பார்த்து வருத்தப்பட்டது நானு. அவரு எந்தப் படிவத்தைப் பார்த்தாரு? சரி, விடுங்க. என்னைக் கேட்டா எழுதினீங்க?"

ஃபைலை மூடப் பார்த்தார். அத்தனை தாளோடு அது இப்போதும் மூடவில்லை. உள்ளே இருந்த சிலந்தியை எடுத்து மேசைமேல் விட்டு (அதுவும் எழுநூற்றிரண்டாம் பக்கத்தில் இருந்தது), ஃபைலைக் கயிறு போட்டுக் கட்டி, பீரோவில் தள்ளிவிட்டு, அக்காவின் பக்கம் திரும்பாமல் அடுத்தவர் படிவத்தை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பதினேழு நாள் அவளிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அக்கா டீ அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, டம்ளரை எடுத்துக்கொண்டு, நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். "எங்க ஆளுங்க இருக்காங்களே," என்று ஆரம்பித்தாள். எல்லோரும் "உச்" கொட்டினார்கள்.